கேட்டுக்கு வெளியே

2025 அக்டோபர் தொடக்கம். மழை நின்ற பிறகும் புழுக்கம் போகாத டெல்லி மாலை. ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்தால், நடைபாதை ஓரமாக உட்காரத் தோதான ஒரு குட்டைச் சுவர். அங்கிருந்து ஸ்டேடியத்தின் வெள்ளைச் சவ்வுக் கூரையும், அதைத் தாங்கும் இரும்புச் சட்டங்களும், கீழே கேட்டும், கேட்டுக்கு வெளியே பிழைக்க வந்தவர்களும் ஒருசேரத் தெரிகிறார்கள். உள்ளே உலகப் பாரா தடகளப் போட்டி. 100க்கும் மேற்பட்ட நாடுகள், 2,000க்கும் மேற்பட்ட வீரர்கள். இந்தப் போட்டி இந்தியாவுக்கு வருவது இதுவே முதல் தடவை.

கொடி விற்கும் பையனுக்குப் பதினைந்து வயது இருக்கலாம். தோளில் ஒரு தெர்மாகோல் பலகை, அதில் குத்தி நிற்கும் சின்னச் சின்ன மூவர்ணக் கொடிகள். மணிக்கட்டில் நெற்றிப் பட்டிகள் தொங்குகின்றன. பள்ளிப் பேருந்து வந்து நின்றதும் ஓடுகிறான். சீருடைப் பிள்ளைகள் இறங்கி வரிசை கட்ட, ஆசிரியை தலை எண்ணி முடிப்பதற்குள் மூன்று கொடிகளை விற்றுவிட்டான். நான்காவதை நீட்டும்போது போலீஸ்காரர் லத்தியால் தரையைத் தட்டுகிறார். பையன் ஒரு சொல்லும் பேசாமல் சாலையைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிடுகிறான். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி போகிறான்.

மூங்கில் முக்காலியின் மேல் கூடை வைத்துச் சனாக் கடலை விற்கும் பெரியவருக்கு இந்த ஓட்டமெல்லாம் இல்லை. லத்தி சத்தம் கேட்டதும் ஒரு கையில் கூடை, மறு கையில் முக்காலி. பத்தடி தள்ளிப்போய் நிற்கிறார். அவருடைய எலுமிச்சம்பழம்கூட உருளுவதில்லை. பல போட்டிகளைப் பார்த்த கை அது. அவருக்குப் பின்னால் ஐஸ் வாளியில் தண்ணீர் பாட்டில் வைத்திருக்கும் ஒரு பெண், தூங்கும் குழந்தையைச் சேலைத் தலைப்பால் மூடிவிட்டு, வருகிறவர் போகிறவர் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கை காலியாக இருந்தால் பாட்டிலை உயர்த்துகிறாள். கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் போலீஸ்காரர் திரும்பிப் பார்ப்பார்.

பெரிய போட்டி வந்தால் ஊருக்கே பணம் வரும் என்று சொல்பவர்கள் இப்படிப்பட்ட ஒரு மாலையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். பொய்யில்லை. பையனின் கால்சட்டைப் பையில் விழுந்த நோட்டுகள் உண்மையான நோட்டுகள். ஆனால் பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு மேல் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். ஐஸ்கிரீம் வாங்கித் தின்னும் இந்தக் குடும்பம் இங்கே வராதிருந்தால் எங்கே போயிருக்கும்? அநேகமாக இந்தியா கேட் புல்வெளிக்கு. அங்கேயும் ஐஸ்கிரீம் வண்டி உண்டு. அந்த வண்டிக்காரரின் இன்றைய வரும்படி இந்த வண்டிக்காரருக்கு வந்திருக்கிறது. ஊருக்குப் புதிதாக எதுவும் வரவில்லை. இரண்டாவது கேள்வி, இங்கே செலவான பணம் இரவுக்குப் பிறகு எங்கே போகிறது என்பது. சனா விற்ற காசு நாளைக் காலை பக்கத்து மண்டியில் செலவாகும். ஒளிபரப்பு உரிமைக்கும், விளம்பரத்துக்கும், நட்சத்திர ஹோட்டல் அறைக்கும் கொடுத்த பெரும்பணம் அன்றிரவே இந்த ஊரை விட்டுக் கிளம்பிவிடும்.

வெளிநாட்டுப் பயணிகள் புதுப் பணம் கொண்டுவருவார்கள் என்பதும் உறுதியில்லை. 2012இல் லண்டனில் ஒலிம்பிக் நடந்த ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிடக் குறைந்தது. வழக்கமாக வருகிறவர்கள் கூட்டத்துக்கும் விலைக்கும் பயந்து வேறு பக்கம் போனார்கள். 2010இல் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தபோது ஒரு லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வருவார்கள் என்றார்கள். தொடக்க நாளான அக்டோபர் 3ஆம் தேதியும் நிறைவு நாளான 14ஆம் தேதியும் பாதுகாப்புக்காக நகரத்தின் கடைகளை மூடச் சொன்னது அரசு. வியாபாரம் பெருகும் என்று சொல்லிக் கொண்டுவந்த திருவிழாவின் முதல் நாளில் லாஜ்பத் நகரில் ஷட்டர் இறங்கிக் கிடந்தது.

இந்த ஸ்டேடியத்துக்கு இரண்டு பிறப்பு. முதல் பிறப்பு 1982 ஆசிய விளையாட்டுக்காக. அந்தப் போட்டியின் சின்னமான அப்பு என்ற யானைக்குட்டியும், வீட்டுக்கு வந்த வண்ணத் தொலைக்காட்சியும், டெல்லியின் புதிய மேம்பாலங்களும் அந்த ஆண்டின் நினைவுகள். அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. ஆசிய விளையாட்டுக் கட்டுமானங்களில் வேலை செய்த தொழிலாளர்களுக்காக மக்கள் ஜனநாயக உரிமைகள் சங்கம் தொடுத்த வழக்கு அது. ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி ரூ.9.25. அதில் ஒரு ரூபாயைக் கமிஷன் என்று ஜமாதார் பிடித்துக்கொள்ள, தொழிலாளி கைக்கு வந்தது ரூ.8.25. பெண்களுக்கு ஏழு ரூபாய். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பு தடைசெய்த கட்டாய உழைப்பே என்று நீதிபதி பகவதி எழுதினார். இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் தீர்ப்பு இது. அந்த ஒரு ரூபாய்களைச் சேர்த்தால் எவ்வளவு வரும் என்று எந்தப் பொருளாதாரத் தாக்க அறிக்கையும் கூட்டிப் பார்த்ததில்லை. வேலைவாய்ப்பு என்ற தலைப்பில் மட்டும் அந்தத் தொழிலாளிகள் எண்ணப்பட்டிருப்பார்கள்.

இரண்டாம் பிறப்பு 2010இல். புதுப்பிக்க ஆன செலவு ரூ.961 கோடி. மேலே தெரியும் கூரை அப்போது வந்ததுதான். போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, செப்டம்பர் 21 அன்று, ஸ்டேடியத்தை ஒட்டிக் கட்டிக்கொண்டிருந்த நடைமேம்பாலம் இடிந்து விழுந்து 20க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயம்பட்டார்கள். ராணுவம் வந்து சில நாட்களில் இரும்புப் பாலம் ஒன்றைப் பொருத்திக்கொடுத்தது. உலகம் முழுக்க அந்தப் படங்கள் போயின. இந்தியாவின் மானம் போயிற்று என்று எல்லாரும் எழுதினார்கள். விழுந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள், பிறகு வேலைக்குத் திரும்ப முடிந்ததா என்று யாரும் தேடிப் போய் எழுதியதை நான் படித்ததில்லை.

வெளிச்சம் குறைகிறது. உள்ளேயிருந்து ஒரு பெரிய ஆரவாரம் எழுந்து கூரையைத் தாண்டி வருகிறது. யாரோ நன்றாக எறிந்திருக்க வேண்டும், அல்லது தாண்டியிருக்க வேண்டும். கொடிக்காரப் பையன் நின்று கேட்கிறான். அவன் முகத்திலும் ஒரு சிரிப்பு. அதை யாராலும் கணக்கெழுத முடியாது. ஆனாலும் அது பெறுமானமில்லாத ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். 2010 அக்டோபர் 11 அன்று இதே மைதானத்தில் கிருஷ்ணா பூனியா வட்டெறிதலில் தங்கம் வாங்கினார். வெள்ளியும் வெண்கலமும்கூட இந்தியப் பெண்களுக்கே. காமன்வெல்த் தடகளத்தில் 1958இல் மில்கா சிங் வாங்கியதற்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. ஹரியானாவின், ராஜஸ்தானின் கிராமத்துத் தகப்பன்மார் மகள்களைப் பார்த்த பார்வை அந்த மாலையில் கொஞ்சமாவது மாறியிருக்கும். மொத்தம் 101 பதக்கங்கள், அதில் 38 தங்கம். அந்தச் சந்தோஷத்தை மறுப்பது நியாயமாகாது. அதற்கான பில்லை யார் கையில் கொடுத்தோம் என்பதுதான் என் கவலை.

ஜங்புரா பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் நடந்து வருகிறார்கள். ஒருவருக்கு அறுபதை ஒட்டிய வயது, மற்றவருக்கு முப்பது இருக்கலாம். கையில் துணிப்பை, அதில் எவர்சில்வர் டப்பா. கோட்டி என்று அவர்கள் சொல்லும் பங்களாக்களில் வேலை முடிந்து வரும் நடை. டிஃபன்ஸ் காலனியிலும் ஜங்புரா எக்ஸ்டென்ஷனிலும் பாத்திரம் தேய்த்துத் தரை துடைத்து இரண்டு மூன்று தலைமுறைகளாக இந்த நகரத்தில் வாழும் தமிழ்ப் பெண்களை அவர்கள் பேச ஆரம்பிக்கும் முன்பே கண்டுகொள்ளலாம். போலீஸ் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து, சுவரின் மறுமுனையில் மூச்சு வாங்க உட்காருகிறார்கள்.

“ரோட்ட மறிச்சி வெச்சிட்டான் பாரு பெரிம்மா. என்னாத்துக்காம்?”

“மேட்சு.”

“நரேலா பஸ்ஸு இந்நேரத்துக்கு வராது. மெட்ரோலயே போயிரலாம். செக்ரடேரியட்ல மாறி, பாத்லில எறங்கி, அங்கேர்ந்து பஸ்ஸு.”

“போவலாம் இரு. காலு கடுக்குது.”

மூத்தவர் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே ஸ்டேடியத்தைப் பார்க்கிறார். பார்வை கூரைக்குப் போகவில்லை. மதிலுக்கு வெளியே, பேருந்துகள் நிற்கும் பக்கமாகப் போகிறது.

“ஷேரா புலி வந்திச்சே, அந்த வருசம் அங்க இடிச்சாங்க. ஒங்கம்மாவும் நானும் மூட்டய தூக்கிக்கினு நாலா கரைப் பக்கம் வந்தம். இப்ப இங்கயும் இடிச்சிட்டாங்க. நரேலாவுக்குப் போயாச்சி.”

“அங்கயும் மேட்ச் வெப்பானா?”

“வெச்சா வெப்பான்.”

இளையவள் சிரிக்கவில்லை. எழுந்து மூத்தவருக்குக் கை கொடுக்கிறாள். இருவரும் மெட்ரோ படிகளில் இறங்கி மறைகிறார்கள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே தெரியக்கூடியதுதான் அது, பதிவுகள் இருக்கின்றன.

2010 ஏப்ரலில், ஜங்புராவில் பாராபுல்லா நாலா என்ற கழிவுநீர் ஓடையை ஒட்டிக் குடியிருந்த 350க்கும் மேற்பட்ட தலித் தமிழ்க் குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. ஸ்டேடியத்துக்கு வரும் வாகனங்களை நிறுத்த இடம் வேண்டியிருந்தது. விழுப்புரம், சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வானம் பொய்த்த வருடங்களில் ரயிலேறி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். அந்த ஆண்டுகளில் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டை முன்னிட்டுக் குறைந்தது இரண்டு லட்சம் பேர் குடியிருப்புகளிலிருந்து அகற்றப்பட்டார்கள் என்று ஹவுசிங் அண்ட் லேண்ட் ரைட்ஸ் நெட்வொர்க் என்ற அமைப்பு 2011இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இடிக்காமல் விட்ட குடிசைகளை வெளிநாட்டு விருந்தினர் கண்ணில் படாமல் மறைக்கச் சாலையோரம் தட்டிகள் எழுந்தன. தட்டியில் அந்தப் போட்டியின் சின்னமான ஷேரா புலி சிரித்துக்கொண்டிருந்தது. நடைபாதைக் கடைக்காரர்கள் விரட்டப்பட்டார்கள். டெல்லிப் பல்கலைக்கழக விடுதி மாணவர்கள் அறைகளைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

அதே அமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்ற தாள்களிலிருந்து இன்னொரு விஷயம் வெளியே வந்தது. தாழ்த்தப்பட்ட மக்களின் நலனுக்கென்று ஒதுக்கப்பட்ட சிறப்புக் கூறுத் திட்ட நிதியிலிருந்து ரூ.700 கோடியை ஒட்டிய தொகை காமன்வெல்த் விளையாட்டுப் பணிகளுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது. அப்போது உள்துறை அமைச்சராக இருந்த ப. சிதம்பரம் மாநிலங்களவையில் அதை ஒப்புக்கொண்டார். வீடு, பள்ளி, படிப்புதவி என்று எந்த மக்களுக்குப் போயிருக்க வேண்டிய பணமோ, அதே மக்களின் வீடுகள் ஸ்டேடியத்து வாகன நிறுத்துமிடத்துக்காக இடிபட்டன. ஒரே நகரத்தில், ஒரே விளையாட்டை முன்னிட்டு இந்த இரண்டும் நடந்தன.

இதற்கு ஈடான இன்னொரு தொகையும் அந்தக் கணக்கில் இருக்கிறது. அக்ஷர்தாம் அருகே யமுனைக் கரையில் வீரர்கள் தங்குவதற்காக 1,168 அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. கட்டியது தனியார் நிறுவனம், நிலம் டெல்லி வளர்ச்சி ஆணையத்துடையது. 2008இன் உலகப் பொருளாதாரச் சரிவில் நிறுவனத்தின் கை காய்ந்தது. கட்டுமானம் நிற்கக் கூடாதென்று 2009இல் ஆணையம் சுமார் 700 கோடி ரூபாய் கொடுத்து 333 வீடுகளை முன்கூட்டியே வாங்கிக்கொண்டது. விளையாட்டு முடிந்ததும் அவை வசதியுள்ளவர்களின் வீடுகளாகின. ஆற்றின் வெள்ளச் சமவெளியில் அடுக்குமாடி எழலாம், நாலா ஓரத்தில் தகரக் கூரை இருக்கக் கூடாது என்று நகரம் வகுத்த விதியை அந்த ஒரு வருடத்தில் தெளிவாகப் பார்த்தோம்.

காமன்வெல்த் என்றாலே நம் மக்களுக்கு ஊழல்தான் நினைவுக்கு வருகிறது. விலை ஏற்றி வாங்கிய கழிப்பறைத் தாளும் வாடகைக்கு எடுத்த டிரெட்மில்லும் டீக்கடைப் பேச்சாகின. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பக்கம் பக்கமாக எழுதியது. 2003இல் போட்டியைக் கேட்டு வாங்கும்போது ரூ.1,200 கோடி என்று மதிப்பிட்ட செலவு, கடைசியில் மத்திய அரசுக்கும் டெல்லி அரசுக்கும் சேர்த்து ரூ.18,532 கோடியில் வந்து நின்றதை அந்த அறிக்கையே காட்டுகிறது. விளையாட்டு தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ளும் என்று அமைப்புக் குழு கொடுத்த வாக்கும் பொய்த்தது.

ஊழலைப் பேச வேண்டியதுதான். ஆனால் ஊழலை மட்டும் பேசி நாம் ஒரு பெரிய கேள்வியிலிருந்து தப்பித்துக்கொண்டோம் என்று நினைக்கிறேன். ஒரு ரூபாய்கூடத் திருடு போகாமல், எல்லா டெண்டரும் ஒழுங்காக நடந்து, எல்லா வேலையும் குறித்த நாளில் முடிந்திருந்தாலும் அந்த 350 வீடுகள் இடிந்துதான் இருக்கும். அது திருட்டில் நடந்ததல்ல, திட்டத்திலேயே இருந்தது. போட்டியின் பயன் நகரம் முழுக்கப் பரவும், நாட்டின் பெயருக்கும் சேரும். நஷ்டம் மட்டும் ஸ்டேடியத்தின் மதிலைத் தொட்டுக்கொண்டு வாழ்பவர்கள் தலையில் இறங்கும். வரவை எழுதுகிறவர் வேறு, செலவைக் கொடுப்பவர் வேறு. கொடுத்தவருக்குக் கணக்குப் புத்தகத்தில் பக்கமே கிடையாது.

“மெட்ரோ வந்ததே, விமான நிலையம் வந்ததே” என்று கேட்பவர்கள் உண்டு. வந்தது. அந்தப் பெண்கள் இறங்கிப் போனார்களே, அந்த ஊதா நிற வழித்தடத்தின் முதல் பகுதி 2010 அக்டோபர் 3 அன்று, தொடக்க விழா நாளிலேயே, ஓட ஆரம்பித்தது. அதே ஆண்டு ஜூலையில் விமான நிலையத்தின் மூன்றாவது முனையம் திறந்தது. தாழ்தளப் பேருந்துகள் பெருகின. எல்லாம் இன்றும் பயன்படுகின்றன, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அன்றே ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த தலைநகருக்கு மெட்ரோ வேண்டும் என்பதற்குப் பன்னிரண்டு நாள் விளையாட்டு ஒரு காரணமாக இருக்க வேண்டியதில்லை. தேதி குறித்த பிறகு செய்யும் வேலைக்கெல்லாம் விலை கூடுகிறது. தேதி நெருங்க நெருங்க ஒப்பந்தக்காரர் கேட்டது விலை, அதிகாரி போட்டது கையெழுத்து. இடிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் அவகாசம் கிடைக்கவில்லை.

பாராபுல்லா மேல்நிலைச் சாலையையே எடுத்துக்கொள்ளலாம். வீரர்கள் தங்கிய இடத்திலிருந்து ஸ்டேடியத்துக்குச் சிக்னலில் நிற்காமல் வந்து சேர, சராய் காலே கானிலிருந்து நாலாவின் மேலேயே தூண் நட்டுப் போட்ட சாலை அது. இப்போது தெற்கு டெல்லியின் கார்கள் அதில் விரைகின்றன. அதன் கீழே, ஜஹாங்கீர் காலத்துப் பழைய கல்பாலத்துக்குப் பக்கத்தில், நாலா கரையில் மதராசி கேம்ப் இருந்தது. அதுவும் தமிழர் குடியிருப்பு. 2025 ஜூன் 1 அன்று அது இடிக்கப்பட்டது. இதற்கும் விளையாட்டுக்கும் சம்பந்தமில்லை. மழைக்காலத்தில் வெள்ளம் தேங்காமலிருக்க நாலாவைத் தூர்வார வேண்டும் என்ற வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவு. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்கள்தான் மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என்று கணக்கெடுத்தார்கள். அவர்களுக்கு வீடு கொடுத்த இடம் நரேலா, டெல்லியின் வடக்கு எல்லை, ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். ஊர் திரும்ப நினைப்பவர்களுக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. வேலை இருப்பது ஜங்புராவில். பிள்ளைகள் தமிழ் படித்தது லோதி எஸ்டேட்டில் இருக்கும் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில். மறுநாள் காலையில் கோட்டிக்கு எட்டு மணிக்குள் போக வேண்டிய பெண்ணுக்கு நரேலாவில் எத்தனை மணிக்குப் பொழுது விடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட கணக்கை உலகத்தின் எல்லா ஊர்களும் ஒரே மாதிரி எழுதவில்லை. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் லாபம் பார்த்தது. காரணம் எளியது. அந்த ஊர் பெரிதாக எதையும் புதிதாகக் கட்டவில்லை, 1932 ஒலிம்பிக் நடந்த அதே கொலிசியத்தில் நடத்தியது. அதற்கு முன் 1976இல் நடத்திய மாண்ட்ரியலுக்கு, ஸ்டேடியக் கடனைக் கட்டி முடிக்க 2006 வரை ஆனது. முப்பது வருடம், புகையிலை வரி போட்டு. போட்டியைப் பார்க்காமலே பிறந்தவர்கள் வளர்ந்து அந்த வரியைக் கட்டினார்கள். இருப்பதை வைத்து நடத்தினால் தாங்கும், நடத்துவதற்காகக் கட்டினால் தாங்காது என்பதைத்தான் இந்த இரண்டு ஊர்களும் காட்டுகின்றன. நம் ஊர் ஆட்சியாளர்களுக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் லாபம் ஞாபகம் வருகிறது, அதன் சிக்கனம் ஞாபகம் வருவதில்லை.

கேட் திறந்து பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். முகத்தில் வண்ணம், கையில் கொடி. ஆசிரியை மறுபடி தலை எண்ணுகிறார். சக்கர நாற்காலியில் ஒரு பெண், தன் நாட்டுச் சீருடையில், பயிற்சியாளரோடு பேசிக்கொண்டே போகிறார். சனாப் பெரியவர் அவருக்கு வழி விடக் கூடையைத் தூக்குகிறார். அவர் நின்று ஒரு பொட்டலம் வாங்குகிறார். காசு மாற்றத் தெரியாமல் இருவரும் தடுமாற, தண்ணீர் விற்கும் பெண் எழுந்து வந்து நோட்டைப் பார்த்துச் சில்லறை எண்ணிக் கொடுக்கிறாள். இந்த மாலையில் நான் பார்த்த மிக நல்ல வியாபாரம் அது. எல்லாப் போட்டியும் இப்படி நடந்தால் எனக்கு ஒரு குறையும் இருந்திருக்காது.

இந்தப் போட்டிக்காக ஆகஸ்டில்தான் ஸ்டேடியத்தில் புதிய ஓடுதளம் போட்டார்கள். போட்டி முடிந்த மறுமாதம், நவம்பரில், செய்தி வந்தது. ஸ்டேடியத்தையே இடித்துவிட்டு இந்த 102 ஏக்கரில் ஒரு விளையாட்டு நகரம் அமைக்க மத்திய விளையாட்டு அமைச்சகம் திட்டமிடுகிறது. 961 கோடி ரூபாய்க்கு வயது பதினைந்து. இடையில் இங்கே சில ஆண்டுகள் கால்பந்து லீக் நடந்தது, இசை நிகழ்ச்சிகள் நடந்தன. 2024இல் ஒரு கச்சேரி முடிந்த பிறகு ஓடுதளமெங்கும் குப்பையும் பாட்டிலுமாகக் கிடந்ததையும், தடை ஓட்டச் சட்டங்கள் உடைந்து கிடந்ததையும் பயிற்சிக்கு வந்த ஓட்டக்காரர்கள் படமெடுத்துப் போட்டார்கள். விளையாட்டுக்காக வீடிழந்த இடத்தில் விளையாடுகிறவர்களுக்கே இடம் சுருங்கியது.

அதே நவம்பர் 26ஆம் தேதி கிளாஸ்கோவில் கூடிய காமன்வெல்த் விளையாட்டுப் பொதுக்குழு, 2030 போட்டியை அகமதாபாத்துக்குக் கொடுத்தது. 2036 ஒலிம்பிக்கையும் கேட்டு இந்தியா ஏற்கெனவே கடிதம் கொடுத்திருக்கிறது. இனி அறிக்கைகள் வரும். இத்தனை ஆயிரம் கோடி முதலீடு, இத்தனை லட்சம் வேலை, இத்தனை பயணிகள் என்று பளபளப்பான தாளில் அச்சாகும். 2003இல் சொன்ன 1,200 கோடியை எடுத்துக்கொண்டு அதைப் படிக்க உட்காருங்கள்.

அகமதாபாத்தைத் திட்டமிடுகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சபர்மதிக் கரையில் பூங்காவும் நடைபாதையும் அமைத்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊரின் ஓரத்துக்குப் போனது அந்த நகரம் அறிந்த கதை. இந்த முறை முதல் டெண்டருக்கு முன்பே ஒரு பட்டியலை வெளியிடுங்கள். எந்த மைதானத்துக்காக எந்தத் தெருவில் எத்தனை வீடுகள் போகும், அவர்களுக்கு எங்கே வீடு, அந்த வீட்டிலிருந்து அவர்கள் வேலைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று குஜராத்தியில் எழுதி அந்தந்தத் தெருவிலேயே ஒட்டுங்கள். மாற்று வீட்டின் சாவியைக் கொடுத்த பிறகு புல்டோசரை அனுப்புங்கள். கேட்டுக்கு வெளியே கொடியும் சனாவும் விற்பவர்களுக்கு இடம் குறித்துக் கொடுங்கள், 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அதற்கு இடம் தருகிறது. இதற்கு ஆகும் பணத்தைப் போட்டியின் செலவுக் கணக்கில் முதல் வரியாக எழுதுங்கள். அந்த வரியை எழுதினால் போட்டி கட்டுப்படியாகாது என்று தெரிந்தால், போட்டியை வேறு ஊருக்கு விட்டுக்கொடுங்கள்.